அழுகிய முட்டை வாடை வாயு இதயத்துக்கு மருந்தா? அப்பாவுக்கு என்ன பதில் சொல்ல?

#1 தொண்ணூறடி

அப்பாவுக்கு 71 வயது. போன மழைக்காலத்தில் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றார். எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளுவது 30 சதவீதம்தான் என்றார்கள். ஹார்ட் ஃபெயிலியர். அன்றிலிருந்து காலையில் நாலு மாத்திரை, ராத்திரி இரண்டு. உப்பு குறைவு, தண்ணீருக்கும் கணக்கு.

நேற்று குடும்ப வாட்சப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போட்டார். சாக்கடையில் வருகிற ஹைட்ரஜன் சல்பைடு வாயு பலவீனமான இதயத்தைத் தூக்கி நிறுத்துமாம், வெளிநாட்டில் எலிகளில் நிரூபித்துவிட்டார்களாம், பூண்டு தின்றாலும் அதே பலனாம். அப்பா வாசித்துவிட்டுச் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், வந்தது. "அப்படின்னா நான் நூறு வருஷம் இருக்கணுமேடா" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்றால், அவர் தாராவியில் தோல் ஷாப்பில் இருபது வருஷத்துக்கு மேல் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. தோலில் முடி கழல சுண்ணாம்போடு சல்பைடு போடுவார்கள். ஒருநாள் அந்தக் கழிவு ஓடும் வாய்க்காலில் யாரோ ஆசிட் தண்ணீரைத் திறந்துவிட, அழுகிய முட்டை வாடையோடு வாயு கிளம்பியது. பக்கத்தில் நின்றவர் பேசிக்கொண்டே மடங்கி விழுந்தாராம். அப்பாதான் இழுத்து வெளியே போட்டார். அந்த ஆள் பிழைத்தார்.

அதே வாயுதானா இது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சித்தப்பா வேறு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வஜ்ரேஷ்வரி வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். அங்கே கந்தக வாடை அடிக்கும், நெஞ்சுக்கு நல்லது என்கிறார்.

#2 காப்பர்காயில்

நான் ஏசி மெக்கானிக். மருந்தா என்று எனக்குத் தெரியாது. மாஹிம் கழிமுகம் ஓரத்திலும் பெரிய சாக்கடைக் கால்வாய் ஓரத்திலும் உள்ள கட்டிடங்களில் புது ஏசியின் காயில் சீக்கிரமே ஓட்டை விழுந்து கேஸ் போய்விடுகிறது. கழற்றிப் பார்த்தால் செம்புக்குழாய் முழுக்கக் கரி பூசியது மாதிரி இருக்கும். வாடிக்கையாளர் என்னைத் திட்டுவார். வாடிக்கையாளர் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைப் பாருங்கள் என்பேன், அதுவும் கறுத்திருக்கும். செம்பையே தின்கிற வாயு சார் இது.

#3 சும்மாஒருகேள்வி

அப்படியானால் பாந்த்ராவுக்கும் மாஹிமுக்கும் நடுவில், நாறுகிற அந்தக் கழிமுகத்தின் மேல், லோக்கல் ரயிலைப் பத்து நிமிஷம் நிறுத்திவைத்தால் மேற்கு ரயில்வேயில் ஒருத்தருக்கும் இதய நோய் வராது 😀

#4 மருந்துப்பெட்டி

தொண்ணூறடி, அதே வாயுதான். அதில் சந்தேகம் வேண்டாம். நான் மருந்தியல் படித்தவன், செம்பூரில் இருக்கிறேன், இந்த விஷயத்தைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா இழுத்துப் போட்ட ஆளுக்கு நடந்தது இது: உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஆக்சிஜனை வைத்து சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாக உள்ளே போனால், ஆக்சிஜன் வந்து சேரும் கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்ளும். சயனைடு செய்கிற அதே வேலை. மூச்சு விடுகிறோம், காற்று உள்ளே போகிறது, செல்லுக்குத்தான் அதைப் பயன்படுத்த வழியில்லை. இதைவிட மோசமான விஷயம் மூக்கு. ஒரு பிபிஎம்முக்கும் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கும்போதே முட்டை வாடை தெரிந்துவிடும். 100 பிபிஎம்மைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குகிறவர் 500, 700 பிபிஎம்மில் சுருண்டு விழுவார். 1000 என்றால் ஓரிரு மூச்சு போதும்.

இப்போது கதையின் மறுபக்கம். 1996ல் ஜப்பானில் ஹிடியோ கிமுராவும் அவருடன் வேலை செய்தவரும், மூளையே இந்த வாயுவைத் துளித்துளியாகத் தயாரிக்கிறது, அது அங்கே சமிக்ஞை மாதிரி வேலை செய்கிறது என்று எழுதினார்கள். ரத்தக்குழாயிலும் இதயத்திலும் அப்படியே. நாம் சாப்பிடும் புரதத்தில் வருகிற சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து மூன்று நொதிகள் இதைச் செய்கின்றன. கனடாவில் ரூயி வாங் குழு 2008ல் அந்த நொதிகளில் ஒன்று இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தது. அவற்றுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அதாவது இந்த வாயு ரத்தக்குழாயைத் தளர்த்தி வைத்திருக்கிறது. உடம்பே தயாரித்து சமிக்ஞையாகப் பயன்படுத்தும் வாயுக்களான நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு வரிசையில் மூன்றாவதாக இதைச் சேர்த்தார்கள். ஒருகாலத்தில் மூன்றையும் விஷம் என்று மட்டும்தான் புத்தகத்தில் படித்தோம்.

விந்தை என்னவென்றால், மைட்டோகாண்ட்ரியாவை அடைக்கிற அதே வாயு, மிகமிகக் குறைந்த அளவில் அதற்கே எரிபொருளாகவும் ஆகிறது. எனக்கு இந்த ஒரு விஷயம் போதும், இதைப் படிப்பதை விடமாட்டேன்.

#5 அளவோடு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

#6 சும்மாஒருகேள்வி

இந்தப் பழமொழி எத்தனையாவது பதிவில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து.

#7 தொண்ணூறடி

மருந்துப்பெட்டி சார், நன்றி. ஆனால் கேட்டது பாக்கி இருக்கிறது. இதயத்துக்கு என்ன செய்தார்கள்? எலியில் நிரூபித்தார்கள் என்பது பொய்யா?

#8 மருந்துப்பெட்டி

பொய்யில்லை. அதனால்தான் இந்த வாட்சப் செய்தி ஆபத்தானது, அதில் பாதி உண்மை.

2007ல் அமெரிக்காவில் டேவிட் லெஃபர் குழு, எலிக்கு மாரடைப்பை உண்டாக்கி, அடைப்பை எடுத்துவிடும் நேரத்தில் சோடியம் சல்பைடு கொடுத்தது. இதயத் தசை சாகும் பரப்பு குறைந்தது. பெயரைக் கவனியுங்கள், சோடியம் சல்பைடு. உங்கள் அப்பா தொட்டியில் போட்ட அதே சரக்கு.

அடுத்து 2013ல் ஹார்ட் ஃபெயிலியருக்கே ஓர் ஆய்வு. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால்தான் புரியும். எலியின் நெஞ்சைத் திறந்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியின் மேல் மெல்லிய ஊசி ஒன்றைப் படுக்க வைப்பார்கள். ஊசியையும் தமனியையும் சேர்த்து நூலால் முடிச்சு போடுவார்கள். பிறகு ஊசியை உருவிவிடுவார்கள். ஊசியின் தடிமன் அளவுதான் வழி மிச்சம். அந்தச் சின்ன இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த இடுக்கு வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, வாரக்கணக்கில் வீங்கி, களைத்துப்போகும். மனிதருக்கு வருஷக்கணக்கில் ரத்தக்கொதிப்பு செய்கிற வேலையை எலிக்குச் சில வாரத்தில் செய்து காட்டுவது மாதிரி.

வாயுவைச் செய்யும் நொதி இல்லாத எலிகளின் இதயம் மற்றவற்றைவிட மோசமாக விரிந்தது. வாயுவை மெதுவாக விடுகிற எஸ்ஜி1002 என்ற மருந்தைத் தீனியில் கலந்து கொடுத்த எலிகளின் இதயம் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. மனிதரையும் பார்த்தார்கள். ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களின் ரத்தத்தில் இந்த வாயு அதே வயதுள்ள மற்றவர்களைவிடக் குறைவு. எப்படிக் காப்பாற்றுகிறது என்றால், பெரிய பங்கு நைட்ரிக் ஆக்சைடு வழியாகத்தான். அதைத் தயாரிக்கும் நொதியை இது தட்டி எழுப்புகிறது.

நைட்ரிக் ஆக்சைடு யாருக்கும் புதிதில்லை. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அந்த வாயுவாகத்தான் மாறுகிறது. 1998ல் அதற்கு நோபல் பரிசு.

#9 கிங்ஸ்சர்க்கிள்

நல்ல விளக்கம். எங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து பூண்டு உள்ளேயே வராது. இப்போது என் கணவருக்கு பிபி, டாக்டர் வீட்டு மாப்பிள்ளை பூண்டு சாப்பிடச் சொல்கிறார். நிஜமாகவே பூண்டில் இந்த வாயு இருக்கிறதா? அப்புறம் காலா நமக், அதான் கறுப்பு உப்பு? சாட் கடையில் அதைப் போட்டதும் முட்டை வாடை வருமே, அதுவும் இதுதானே? அதைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் பூண்டு இல்லாமலே காரியம் முடிந்துவிடும்.

#10 வார்டுஎட்டு

அக்கா, தயவுசெய்து காலா நமக் வேண்டாம். வாடை அந்த வாயுதான், ஆனால் அது பெரும்பாலும் சாதாரண உப்பு. ஒரு தேக்கரண்டி உப்பில் கிட்டத்தட்ட 2000 மில்லிகிராம் சோடியம். பிபி ஏறும். ஹார்ட் ஃபெயிலியர்காரர் என்றால் உடம்பில் நீர் கோத்துவிடும்.

நான் நர்ஸ், இதய வார்டில்தான் இருக்கிறேன். தீபாவளி, கணபதி முடிந்த வாரம் எங்களுக்குப் படுக்கை பத்தாது. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம்தான் சாப்பிட்டேன் சிஸ்டர்." மோர்மிளகாய், ஊறுகாய், பாக்கெட் ஃபர்சான், ஜல்ஜீரா. ஜல்ஜீராவில் இந்தக் காலா நமக்தான்.

#11 மருந்துப்பெட்டி

பூண்டு விஷயம் சுவாரசியமானது. 2007ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் டேவிட் கிராஸ் என்பவரும் அவர் குழுவும், பூண்டுச் சாற்றை மனித ரத்தச் சிவப்பணுக்களோடு சேர்த்தால் ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது, எலியின் தமனி வளையம் தளர்கிறது என்று காட்டினார்கள். பூண்டுக்குள் வாயு அடைத்து வைக்கப்படவில்லை. அதில் உள்ள கந்தகச் சேர்மங்களை நம் சிவப்பணுக்கள் வாயுவாக மாற்றுகின்றன.

ஆனால் அந்தச் சேர்மங்கள் பிறக்க ஒரு நொதி வேண்டும், பூண்டைத் தட்டினாலோ நறுக்கினாலோதான் அது வேலை செய்யும். சூட்டில் செத்துவிடும். பூண்டுக்குழம்புக்கு முழுப் பல்லாக எண்ணெயில் போட்டு வதக்குகிறோமே, அங்கே அந்த நொதி வாய் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. குழம்பு நன்றாக இருக்கும், அது வேறு விஷயம். தட்டிப் பத்து நிமிஷம் வைத்துவிட்டுச் சமைத்தால் ஓரளவு மிஞ்சும்.

இதெல்லாம் சாப்பாட்டு அளவில் யாருக்கும் கெடுதல் இல்லை. காப்ஸ்யூலாக அதிகம் விழுங்கினால் கதை வேறு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு கூடலாம். தொண்ணூறடி, அப்பாவின் சீட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

#12 இயற்கைவழி

பூண்டுக்கு பேட்டன்ட் எடுக்க முடியாது. அதனால்தான் மருந்து கம்பெனிகள் இதை அமுக்கிவைத்திருக்கின்றன. என் மச்சான் மூன்று மாதம் பூண்டு எண்ணெய் எடுத்து, எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டார். நன்றாக இருக்கிறார். வேண்டுமென்றால் அழையுங்கள்: [நீக்கப்பட்டது]

#13 மட்டுறுத்துநர்

தொலைபேசி எண்ணும் விற்பனை இணைப்பும் நீக்கப்பட்டன. மாத்திரையை விடச் சொல்லும் பதிவு இன்னொன்று வந்தால் கணக்கையும் நீக்கிவிடுவோம்.

#14 வார்டுஎட்டு

இயற்கைவழி அண்ணே, உங்கள் மச்சான் நன்றாக இருக்கட்டும். ஆனால் மாத்திரையை விட்டுவிட்டு மூன்று மாதம் நன்றாக இருந்து நான்காவது மாதம் ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களை நான்தான் ஆக்சிஜன் போட்டு உட்கார வைக்கிறேன். படுக்க முடியாது அவர்களால், படுத்தால் மூச்சு முட்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார்கள்.

#15 மருந்துப்பெட்டி

பேட்டன்ட் வாதத்துக்கு ஒரு பதில். தயோசல்பேட் தெரியுமா? பழைய ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர்களைக் கேளுங்கள், ஹைப்போ என்பார்கள். டார்க்ரூமில் படத்தை நிலைநிறுத்த முக்கி எடுக்கும் உப்பு. சயனைடு விஷத்துக்கு மாற்று மருந்தாகவும் அது வெகுகாலமாக இருக்கிறது. உடம்புக்குள் ஹைட்ரஜன் சல்பைடு தரக்கூடியது. யாருக்கும் பேட்டன்ட் இல்லாத மலிவான உப்பு.

அதையும் சோதித்தார்கள். நெதர்லாந்தில் க்ரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனை முன்னின்று, மாரடைப்போடு வந்த 373 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12.5 கிராம் வீதம் இரண்டு தடவை ரத்தத்தில் ஏற்றினார்கள். நாலு மாதம் கழித்து எம்ஆர்ஐயில் தழும்பின் அளவைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை. 2023ல் முடிவு வெளிவந்தது. யாரும் அமுக்கவில்லை. பலன் தெரியவில்லை, அதையும் அப்படியே வெளியிட்டார்கள்.

அது மாரடைப்புக்கான ஆய்வு, ஹார்ட் ஃபெயிலியருக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் ஃபெயிலியரில் எஸ்ஜி1002 மருந்தை ஆரோக்கியமானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 21 நாள் கொடுத்துப் பார்த்த முதற்கட்ட ஆய்வு 2015ல் வந்தது. ரத்தத்தில் வாயு கூடியது, பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள். அவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்களா, ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்ததா என்று அதில் தெரிய வழியே இல்லை. சோடியம் சல்பைடை ஊசியாக மனிதருக்குப் போடும் ஆய்வுகளும் தொடங்கின. சில பாதியில் நின்றன. இன்றைய தேதியில் ஹார்ட் ஃபெயிலியருக்கு அங்கீகாரம் பெற்ற ஹைட்ரஜன் சல்பைடு மருந்து எந்த நாட்டிலும் கிடையாது.

#16 சும்மாஒருகேள்வி

இதுவரை கிண்டலாகவே எழுதினேன், இது நிஜமான கேள்வி. எலியில் இவ்வளவு நன்றாக வேலை செய்தது மனிதரில் ஏன் செய்யவில்லை?

#17 மருந்துப்பெட்டி

ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

முதலில், எலி இளசு. மற்ற நோய் ஏதும் இல்லை. முடிச்சு போட்ட நாள் தெரியும், மருந்து கொடுத்த நேரம் தெரியும். தொண்ணூறடியின் அப்பா மாதிரி ஒருவர் பத்து வருஷ பிபி, சர்க்கரை, ஏற்கெனவே நாலைந்து மாத்திரை என்று வருகிறார். அந்த மாத்திரைகள் செய்கிற நன்மைக்கு மேல் இன்னொன்று வந்து என்ன கூட்டும்?

அடுத்தது அளவு. இந்த வாயு உடம்பில் நிமிஷக்கணக்கில் கரைந்துபோகிறது. அளப்பதே பெரிய பாடு. ஆரம்பத்தில் ரத்தத்தில் இருப்பதாகச் சொன்ன எண்கள் மிகப் பெரியவை. அவ்வளவு நிஜமாக இருந்தால் நாம் மூச்சு விடும்போதெல்லாம் அழுகிய முட்டை வாடை அடிக்குமே என்று யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்வி, அப்புறம்தான் அளக்கும் முறைகளையே திருத்தினார்கள். இருக்கும் அளவே சரியாகத் தெரியாதபோது கூட்ட வேண்டிய அளவை எப்படிச் சொல்வது?

இன்னொரு பழைய கதையும் உண்டு. 2005ல் சியாட்டிலில் மார்க் ராத் குழு எலிகளுக்கு 80 பிபிஎம் கொடுத்தபோது, அவை குளிர்காலத் தூக்கம் மாதிரி உறங்கிப்போயின. உடம்பு வெப்பம் இறங்கியது, பிறகு எழுந்தன, ஒன்றும் ஆகவில்லை. உலகமே பேசியது. ஆடு, பன்றி என்று பெரிய மிருகங்களில் முயன்றபோது அப்படி நடக்கவில்லை. எலி சின்னது, சீக்கிரம் குளிர்ந்துவிடும். இந்த வாயுவின் வரலாற்றில் எலியை நம்பி ஏமாந்தது ஒரு தடவை மட்டும் அல்ல.

#18 பாதாளம்

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. மேன்ஹோல் வேலை எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை. மூடியைத் திறந்து நேரம் விட்டு, ஈய உப்பு தோய்த்த தாளை நனைத்துக் கயிற்றில் இறக்கி, கறுத்தால் இறங்காதே என்பது பழைய பாடம். தாளும் இல்லாமல் இறக்கிவிட்ட கான்ட்ராக்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் விழுவான், அவனைத் தூக்க இன்னொருத்தன் இறங்குவான், அவனும் விழுவான். 2013ல் சட்டம் வந்தது, இறக்கக் கூடாது என்று. 2023ல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் என்றது. வருஷா வருஷம் இன்னும் செய்தி வருகிறது.

ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. "சாக்கடை வாயு நல்லது" என்று ஃபார்வர்ட் பண்ணுகிறவன் ஒரு தடவை மூடியைத் திறந்து முகத்தைக் காட்டட்டும்.

#19 தொண்ணூறடி

பாதாளம் அண்ணே, தலைப்பு தவறுதான். "சாக்கடை" என்று போட்டிருந்தேன், மாற்றிவிட்டேன். மன்னிக்கவும்.

உங்கள் பதிவை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "தூக்கப் போனவன்தான் முதல்ல சாவான். நான் அன்னிக்கு மூச்சப் புடிச்சிக்கிட்டு ஓடினேன், வேற ஒண்ணும் தெரியாது" என்றார். இத்தனை வருஷத்தில் அதை எங்களிடம் சொன்னதில்லை.

#20 வார்டுஎட்டு

தொண்ணூறடி தம்பி, வஜ்ரேஷ்வரிக்கு அழைத்துப் போகிறார்களா? வெந்நீர்க் குண்டத்தில் இறக்காதீர்கள். சூட்டில் ரத்தக்குழாய் விரியும், அப்பா எடுக்கும் மாத்திரைகளும் அதைத்தான் செய்கின்றன. எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்துவிடுவார். கோயிலுக்குப் போய்விட்டு வரட்டும்.

வீட்டில் எடை மெஷின் இருக்கிறதா? காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி துணியில் நிற்க வைத்து எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஹார்ட் ஃபெயிலியருக்குக் கொடுக்கிற நாலு வகை மருந்தும் சீட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாக்குபிட்ரில் வால்சார்டன், ஒரு பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி ஒன்று, அப்புறம் டாபாக்ளிஃப்ளோசின். கடைசியாகச் சொன்னது சர்க்கரைக்கு வந்த மருந்து, இப்போது இதயத்துக்கும். 2020ல் பேட்டன்ட் முடிந்ததிலிருந்து இங்கே விலை நன்றாக இறங்கிவிட்டது. இவையெல்லாம் ஆயிரக்கணக்கான ஆட்களில் பார்த்த மருந்துகள்.

#21 தொண்ணூறடி

சனிக்கிழமை டாக்டரிடம் போய் வந்தோம். சீட்டில் மூன்றுதான் இருந்தது, நாலாவதைச் சேர்த்தார். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் இருக்கிறது, பூண்டுக் காப்ஸ்யூல் வேண்டாம் என்றார். சமையலில் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள் என்றார், அம்மாவுக்கு அதில்தான் சந்தோஷம்.

மருந்துப்பெட்டி சார், சோடியம் சல்பைடை எலிக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னதும் அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "அந்த மஞ்சள் செதிலா? டிரம்முல வருமே, கையில பட்டா வழவழன்னு இருக்கும், தோலே கரையும், அதையா?" என்று மூன்று தடவை கேட்டார். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். விரல் நுனிகள் இன்னும் வழுவழுப்பாகத்தான் இருக்கின்றன. ஆதார் கைரேகை பதிய எத்தனை தடவை அலைந்தோம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், பதில் தெரியவில்லை. அந்த எலிக்குப் போட்ட முடிச்சை, ஆய்வு முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்களா?

#22 மருந்துப்பெட்டி

அவிழ்த்துப் பார்த்த ஆய்வுகள் தனியாக உண்டு. இந்த ஆய்வில் அவிழ்க்கவில்லை. முடிச்சு அப்படியே இருக்க, இதயம் எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான் பார்த்தார்கள்.

#23 தொண்ணூறடி

சொன்னேன். "ம்" என்றார். இன்றைக்குக் காலை எடை 58.4. நேற்றைவிட 200 கிராம் குறைவு.